பாய்மரப் படகில் நெல் சாக்கு

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ல, ள, ழ மூன்றும் இன்றைக்கும் எனக்கு இடம் மாறித்தான் விழும். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பேச்சிலும் நான் இப்படித்தான். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்க வராது. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அந்தச் சின்னச் சாக்குகள்தான். ஒரு ஆள் தனியாகத் தூக்கும் அளவுக்கு நெல் அடைத்து, வாயைச் சணலால் தைத்து, என் டிரெய்லரில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே ஒரு பெரியவரின் நிலத்துக்கு நான் டிராக்டர் ஓட்டுகிறேன். நெல்லை மில்லுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் ஏற்றிப் போயிருக்கிறேன். கடலில் இறக்குவதற்காக ஏற்றிப் போனது அந்த ஒரு முறைதான்.

பெரியவரின் மகள் சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். ஊரில் கப்பல்காரம்மா என்பார்கள். நாற்பது வயதைத் தாண்டியதும் வேலையை விட்டுவிட்டு, பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி நாகப்பட்டினத்தில் கட்டிவைத்துப் பழுது பார்த்தார். நீளம் என் டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்த அளவுதான் இருக்கும். அதில் தனி ஆளாக உலகத்தைச் சுற்றி வரப்போகிறேன் என்று அவர் சொன்ன நாளிலிருந்து பெரியவர் மகளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். திட்டவில்லை, தடுக்கவும் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சாப்பாடு வேண்டும் என்பதைக்கூட வேலைக்காரம்மா வழியாகத்தான் சொல்லி அனுப்பினார்.

கப்பல்காரம்மா எதற்கும் கலங்கி நான் பார்த்ததில்லை. இது ஒன்றுதான் அவரை அரித்தது. எங்கள் பக்கம் யாரும் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய்ட்டு வர்றேன்’ என்றுதான் சொல்வோம். வீட்டில் மூத்தவர் ‘போய்ட்டு வா’ என்று சொன்ன பிறகுதான் வாசல் இறங்குவோம். கடைத்தெருவுக்குப் போனாலே இந்த வழக்கம் உண்டு. ஒருநாள் கயிற்றுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “அப்பா வாயால அந்த வார்த்தை வராம நான் கயித்த அவுக்க மாட்டேன் அண்ணே. சாமான், காத்து, காகிதம் எல்லாம் சேந்துடும். அது மட்டும் சேரலன்னா இந்தப் படகு இங்கயேதான் கெடக்கும்.”

மாசி மாதம், படகில் முழுப் பாரம் ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பல மாதத்துக்கான உணவும் தண்ணீரும் ஏறினால் படகின் நடையே மாறிவிடுமாம். அதற்காகத் தண்ணீர் கேன்கள் வாங்கச் சொல்லியிருந்தார். இது எப்படியோ பெரியவர் காதுக்குப் போய்விட்டது. என்னைக் களத்துக்குக் கூப்பிட்டு, “பாரம் வேணும்னா நெல்ல ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லு” என்றார். பாரம் என்றாலே எங்கள் ஊர்க்காரர்களுக்கு நெல்தான் ஞாபகம் வரும். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். களத்தில் சிந்திய நெல்லை ஒருவன் மிதித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அவனோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார். அப்படிப்பட்டவர் தன் கையாலேயே அளந்து கொடுத்தார். சாக்குகளைப் பார்த்ததும் கப்பல்காரம்மா ஒரு சாக்கின் தையலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “அப்பா குடுத்ததா? ஏத்துங்க” என்றார்.

துறைமுகத்தில் எங்களுக்குத் துணையாக வந்த படகுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “உலகம் சுத்தப் போறீங்களா, போற எடத்துல ரேஷன் கடை தெறக்கப் போறீங்களா?” கப்பல்காரம்மாவும் சிரித்தார். கிளம்புவதற்கு முன் எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார்: “நான் செவப்புத் துணி காட்டினா மட்டும் கிட்ட வாங்க. நாளைக்கு நடுக்கடல்ல என் பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. இன்னைக்கும் இல்லன்னே வச்சுக்குங்க.”

வேளாங்கண்ணிக் கோயில் கோபுரம் சின்னதாகத் தெரிகிற தூரம்வரை படகு நன்றாகப் போனது. நாங்கள் ஃபைபர் படகில் தள்ளியே பின்தொடர்ந்தோம். பிறகு பாய் தளர்ந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவில்லை. அடியில் ஒரு குழாய் இணைப்பு கழன்று தண்ணீர் உள்ளே ஏறியிருக்கிறது. அதைக் கப்பல்காரம்மா அடைத்துவிட்டார். ஆனால் அதற்குள் நனைந்த சாக்குகளில் சில பிரிந்து, நெல்லும் பதரும் தண்ணீரோடு மிதந்து பம்பின் வாயை அடைத்துக்கொண்டன. பம்பால் இறைக்க வழியில்லை. ஊறிய நெல் வேறு கனத்துக்கொண்டே போனது. இதெல்லாம் அவர் பின்னால் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்போது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது படகு தாழ்ந்து சாய்ந்து கிடப்பது மட்டும்தான்.

படகுக்காரர் எஞ்சினை முடுக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொருவர் கையைப் பிடித்துத் தடுத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. “அவங்க துணி காட்டல” என்றேன். “செத்தா நீ பதில் சொல்லுவியா?” என்றார் அவர். நான் கையை விடவில்லை.

அப்போதுதான் முதல் சாக்கு கடலில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கப்பல்காரம்மா சாக்கைத் தூக்கி மேலே கொண்டுவருவார், விளிம்பில் சாய்ப்பார், திரும்பிப் பார்க்காமல் உள்ளே இறங்குவார். சிந்திய நெல்லைக் குனிந்து பொறுக்கி வளர்ந்த பிள்ளை அவர். கடைசிச் சாக்கும் போன பிறகு வாளியால் தண்ணீரை இறைத்துக் கொட்டினார். படகு மெல்ல மெல்ல மேலே வந்தது. பாயை இழுத்துக் கட்டி, எங்கள் படகைக் கடந்து, அவரே துறைமுகத்துக்கு ஓட்டி வந்தார். சிவப்புத் துணியை எடுக்கவே இல்லை.

கரையில் இரண்டு உள்ளங்கையும் உரிந்திருக்க உட்கார்ந்தவர், “கேனே வாங்கிடலாம் அண்ணே. நாளைக்கு மறுபடி போகணும்” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது” என்றார்.

நான் போனபோது பெரியவர் களத்தில் காயும் நெல்லைச் சீராகக் காயட்டும் என்று காலால் கிளறிக்கொண்டிருந்தார். காலி டிரெய்லரைப் பார்த்துவிட்டு நெல் எங்கே என்று கேட்டார். நடந்ததை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். எல்லாமே கடலில் போய்விட்டதா என்று கேட்டார். எல்லாமே என்றேன். கால் நின்றது.

“தூக்கிப் போடுறப்ப நின்னு யோசிச்சாளா?”

“இல்லீங்கய்யா. ஒண்ணு விழுந்த அலை அடங்குறதுக்குள்ள அடுத்தது விழுந்துச்சு.”

பெரியவர் காலடியில் கிடந்த நெல்லையே பார்த்தார். “நானா இருந்தா முடிஞ்சிருக்காது. நெல்லோடயே போயிருப்பேன்.” மறுபடி நெல்லைக் கிளறிக்கொண்டே, “சரி, போய்ட்டு வரட்டும். அவகிட்ட சொல்லிடு” என்றார்.

அன்றைக்கு எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. “நான் சொன்னா கயித்த அவுக்க மாட்டாங்கய்யா. நீங்களே சொல்லுங்க” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு காலைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மகள் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றார். மகள் வண்டியை விட்டு இறங்கியதும், கிளம்ப இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது என்பதைக்கூட யோசிக்காமல் சொன்னார்: “போய்ட்டு வாம்மா.”

படகை மேற்குக் கரைக்குக் கொண்டுபோய், ஐப்பசியில் அங்கே ஒரு துறைமுகத்திலிருந்து கப்பல்காரம்மா கிளம்பினார். இப்போது உலகத்தின் தெற்குக் கோடியில், மலை மலையாக அலை எழும் கடலில் இருக்கிறார். எப்போதாவது பெரியவரின் போனுக்கு இரண்டு வரிச் செய்தி வருகிறது. இங்கே சம்பா அறுவடை மும்முரம். டீக்கடையில் உட்கார்ந்து, பாதி வழியிலேயே திரும்பிவிடுவாள் என்கிறார்கள். திரும்பவே மாட்டாள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் வழக்கம்போல டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். அவர் வந்து கரையில் கால் வைத்துவிட்டால், ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அப்போது எழுதுவதற்குப் பெரிய தைரியம் வேண்டாம். அதனால் அவர் இன்னும் கடலில் இருக்கும்போதே, எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிவிடுகிறேன். கப்பல்காரம்மா வந்துவிடுவார்.

தை மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.