மருந்து ரூமுக்கு வந்த பட்டாளத்துக்காரர்

இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியம்! இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தால் என் பென்சன் அடுத்த மாசமே நின்று போகட்டும். பட்டாசுக் கம்பெனி கேட்டில் நிற்கிறவனுக்கு உள்ளே போகிற தீப்பெட்டியைப் பிடிப்பதுதான் வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். தீப்பெட்டியைப் பையைத் தடவினால் பிடித்துவிடலாம். ஆளைப் பிடிக்க எங்கே தடவுவது? என்னைப் போலப் பட்டாளத்திலிருந்து வந்து கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாததல்ல.

என்ன டிரேடு?

பட்டாளத்தில் எல்லோரும் துப்பாக்கி தூக்குவதில்லை. ஒவ்வொருவனுக்கும் ஒரு டிரேடு உண்டு. வயர்லெஸ், டிரைவர், முடிவெட்டு, துணி துவைப்பு என்று பிரித்து, பேருக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுவார்கள். நான் சமையல் டிரேடு. பனிமலையில் நான் சுட்ட சப்பாத்தி விறைத்துப்போய், அதை வைத்துத்தான் பங்கர் ஜன்னலை அடைத்தோம். எதிராளி சுட்ட குண்டு அதில் பட்டுத் திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

அச்சங்குளம் பக்கம் எங்கள் கம்பெனியில் பட்டாளத்து ஆள் என்றால் உடனே வேலை. அதனால் வருகிறவனெல்லாம் பட்டாளத்து ஆள்தான். நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: என்ன டிரேடு? பொய் சொல்கிற எவனும் இதுவரை “சட்டி கழுவினேன்” என்று சொன்னதில்லை. எல்லோரும் கமாண்டோ. காரியாபட்டியிலிருந்து வந்த ஒருவரிடம் எந்த டிரெயினிங் சென்டர் என்றேன், ரகசியம் என்றார். எந்த மலை என்றேன், அதுவும் ரகசியம். சரி, காலையில் என்னதான் சாப்பிடப் போட்டார்கள் என்றேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அதையும் வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாக அண்ணாச்சி.”

பூட்ஸ்

கமாண்டோக்களால் கெடுதல் இல்லை. கேட்டோடு திரும்பிவிடுவார்கள். செல்வராசு அப்படித் திரும்பவில்லை. ஒரு கல்யாணத்துக்காக நான் லீவு போட்டிருந்த சமயத்தில் வந்து, பட்டாளத்தில் வெடிமருந்து டிரேடு என்று மேனேஜரிடம் சொல்லி, வெடிக் குழாயில் மருந்து செலுத்தும் ரூம்களுக்குப் போர்மேனாகவே சேர்ந்துவிட்டார். தீபாவளி சீசன் நெருக்கத்தில் மேனேஜருக்கு ஆள் கிடைத்ததே பெரிது.

நான் திரும்பி வந்த அன்று செல்போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். கையை நீட்டினேன். “நமக்குமா அண்ணாச்சி?” என்றார். அங்கேயே எனக்குப் பிடிபட்டுவிட்டது. வெடிமருந்து டெப்போ ஆட்களுக்கு நான் சோறு கொண்டு போயிருக்கிறேன். அவர்கள் கல்யாண வீட்டு வாசலில்கூடப் பையைக் காலி செய்துவிட்டுத்தான் நுழைவார்கள். கை தானாகப் போகும். இவர் காலில் வேறு பரேடு பூட்ஸ், குதிகாலில் இரும்பு லாடம், தரையில் உரசினால் தீப்பொறி. எங்கள் மருந்து ரூமில் கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு, வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். கழற்றுங்கள் என்றதற்கு, “மிலிட்டரிக்காரன் பூட்ஸைக் கழத்துனா மருவாதி போயிரும்” என்று சிரித்தார்.

அந்த ரூம்களில் ஒன்றில்தான் என் மகள் முத்துமாரி மருந்து செலுத்துகிறாள். சாயங்காலம் கம்பெனி வேனுக்குக் காத்திருந்தபோது தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: “அந்த பூட்ஸ் சத்தம் வெளிய கேக்கும்போதெல்லாம் என் கை தன்னால நின்னுருதுப்பா.”

மேனேஜர் கேட்ட கேள்வி

மறுநாள் முதல் வேலையாக மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அந்த ஆள் வெடிமருந்து டிரேடு இல்லை, பட்டாளமே இல்லை, பூட்ஸையாவது கழற்றச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பில்லில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார். கடைசியில் பேனாவை மூடினார். இத்தனை வருசம் கேட்டில் உட்கார்ந்து நான் அவிழ்த்துவிட்ட கதையெல்லாம் அவர் முகத்தில் வரிசையாக ஓடியது எனக்கே தெரிந்தது. “சப்பாத்தியில பட்டு குண்டு திரும்பிப் போச்சுன்னீக, நான் கேட்டுக்கிட்டேன். இப்ப அடுத்த ஆளைப் பொய்யிங்கிறீகளே பெரியவரே, இது அடுக்குமா?”

கேன்டீன் வரிசையில்

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவளைக் கேட்டால், “சீசன்ல வேலைய விட்டா திரும்ப எடுப்பாகளா?” என்றாள். திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு விருதுநகர் போனேன். முன்னாள் ராணுவத்தார் கேன்டீன் வரிசையில் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள்: சுபேதாராக ஓய்வு பெற்ற காசிம் பாய், நாயக் பதவியில் இருந்தபோது கண்ணிவெடியில் ஒரு காலைக் கொடுத்த குருசாமி.

“போலீஸ்ல பிடிச்சுக் குடு” என்றார் குருசாமி. “நான் காலைக் குடுத்து வாங்குன பேர அவன் சும்மா எடுத்துக்கிடுவானா?” காசிம் பாய் அவர் தோளில் கை வைத்தார். வயிற்றுப்பாட்டுக்காக வாட்ச்மேன் வேலைக்கு ஒருவன் அப்படிச் சொன்னால், தான் கண்டுகொள்ள மாட்டேன் என்றார். எனக்குக்கூட அது நியாயமாகத்தான் பட்டது. இவன் வாட்ச்மேன் இல்லை சாப், மருந்து ரூம் போர்மேன் என்றேன். பாய் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். “மெடலக் குத்திக்கிட்டுத் திரிஞ்சான்னா நம்ம மானத்தோட போச்சு. தெரியாத டிரேடத் தெரியும்னு சொன்னான்னா பக்கத்துல நிக்கிற பிள்ளைகளுக்குல்ல ஆபத்து? இங்கன என்னவே செய்யுதீரு, போரும்!”

சல்யூட்

அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து கேட்டுக்குள் நுழைந்தால், முதலாளி காரை விட்டு இறங்கி ரூம் ரூமாகப் பார்த்துக்கொண்டு போகிறார். பின்னாலேயே ஓடினேன். மகள் மாரியின் ரூம் வாசலில் செல்வராசு விறைப்பாக நின்றார். காலடியில் சிமெண்டுப் படி. படியில் அன்று சிந்தித் துடைக்காமல் விட்ட மருந்துத் தூள். முதலாளியைக் கண்டதும் கை சல்யூட்டுக்கு எழும்பியது; தலையில் தொப்பி இல்லாமல் பட்டாளத்தில் எவனும் சல்யூட் அடிக்க மாட்டான். தரையில் ஓங்கி அடிப்பதற்கு லாடம் வைத்த கால் முழங்கால் உயரத்துக்கு ஏறியது.

“ஜைசே தே!” என்று கத்தினேன். செய்யப்போனதை விட்டுவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பு என்கிற பரேடு உத்தரவு அது. ஒரு மாசம் பட்டாளத்தில் இருந்தவன்கூடத் தூக்கத்தில் கேட்டாலும் நின்றுவிடுவான். அவருக்குப் புரியவே இல்லை. கால் இறங்கத் தொடங்கியது. உள்ளேயிருந்து மாரி, வாசலில் எப்போதும் நனைத்துப் போட்டிருக்கும் சாக்கை ஒரே இழுப்பாக இழுத்துப் படியில் வீசினாள். லாடம் சாக்கில் விழுந்து ‘சொத்’தென்று ஒரு சத்தம். முதலாளியின் வெள்ளை வேட்டி முழுக்கச் சேறு. அவ்வளவுதான். வேறொரு சத்தத்தை எதிர்பார்த்து மூடிய கண்ணைத் திறந்தபோதுதான் அந்தச் சேற்றையே பார்த்தேன்.

முதலாளி படியைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார். செல்வராசு சாக்கிலேயே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: “பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற ஓட்டத்துல கடைசிச் சுத்துல விழுந்துட்டேன் அண்ணாச்சி. ஓடி முடிச்சிருந்தா இதெல்லாம் நிசமாயிருக்கும்.”

இப்போது

முதலாளி செல்வராசுவை வேலையை விட்டு அனுப்பவில்லை. கேட்டுக்கு வெளியே லாரியில் லோடு ஏற்ற விட்டிருக்கிறார். குருசாமிக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. நானும் தினமும் செல்வராசுவின் காலைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கிறேன், செருப்புத்தான். மாரியிடம், இனிமேல் பயமில்லையே என்று கேட்டேன். “பயமில்லாம இருந்தா இங்கன வேலை பாக்க முடியுமாப்பா?” என்றாள்.

ஆக, ஊருக்கே பொய் சொல்லிப் பழகியவன் ஒரு நிசத்தை நம்பவைப்பதற்குள் உசுரு தொண்டைக்கு வந்துவிடுகிறது. டீக்கடையில் அந்தச் சாக்கைப் போட்டதே தான்தான் என்று செல்வராசு சொல்லித் திரிகிறார், காதில் விழுந்தால் தலையாட்டிவிடுங்கள், நிசத்தைச் சொன்னது நான் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.