முருகையாவின் ஜப்பான் கேமரா

பதுளை பஜாரில் படியேறிப் போகவேண்டிய மாடி ஸ்டூடியோ முருகையாவுடையது. பூனாகலை தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில், பிறந்த மனுஷர். தொண்ணூறுகளில் தோட்டத்துச் சனத்துக்கு அடையாள அட்டைப் படம் எடுத்தே பேர் வாங்கினார். கேமராவைக் கண்டதும் விறைத்துப்போகிறவர்களிடம், "வீட்டுல இன்னைக்கு என்ன கறி?" என்று கேட்பார். பதிலை யோசிக்கும்போது முகம் கொஞ்சம் இளகும். அந்த நேரம் பார்த்து எடுத்துவிடுவார். அடையாள அட்டையில் மனுஷ முகத்தோடு இருக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் அவர் புண்ணியத்தில்தான் இருந்தார்கள்.

புது மிஷின் என்றால் மட்டும் அவருக்குப் பயம். ஃபிலிம் காலம் முடிந்ததும், கீழ்க்கடை நிஸாமிடம் ஜப்பானிலிருந்து வந்த பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கினார். மெனு முழுக்க ஜப்பான் எழுத்து. சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுப்பானேன் என்று அவர் அந்தப் பக்கமே போகவில்லை. படங்கள் பளிச்சென்று வந்தன. எல்லாம் தன் கைராசி என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

இரண்டாயிரத்து ஏழில், பூனாகலை முன்பள்ளியில் படிப்பிக்கிற சுபாஜினி கல்யாணப் பேச்சுக்குப் படம் எடுக்க வந்தாள். உட்காரும்போதே சொன்னாள்: "அண்ணே, கம்ப்யூட்டர்ல போட்டு வெள்ளையாக்கிறாதீங்க. நான் உள்ளபடி இருக்கட்டும்."

"சத்தியமா தொடமாட்டேன் தங்கச்சி" என்றார் முருகையா.

படம் தெமோதரையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. மாப்பிள்ளை ரமேஸும் அவன் அம்மா வேலாயியும் பெண் பார்க்க வந்தார்கள். வேலாயி பெண்ணைப் பார்த்தாள், கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். "படத்துல இருந்தது வேற புள்ளையாட்டம் இருக்கே" என்றாள். போகும்போது, யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது?

மறுநாளே சுபாஜினி மாடியேறி வந்து படத்தை மேசையில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது. ரமேஸை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. "நான் ஏமாத்துனதா நெனைக்கிறாங்கண்ணே. ஒங்கள நம்பித்தானே சொன்னேன்."

தான் கை வைக்கவில்லை என்று முருகையா தலையில் அடித்துச் சொன்னார். அவள் நம்பவில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் நிஸாமைப் போய்ப் பிடித்தார்.

"படம் எடுக்கக்குள்ள கேமரா எப்படி இருந்திச்சோ, அதெல்லாம் படத்துக்குள்ளேயே பதிஞ்சிருக்கும் அண்ணன்" என்றான் நிஸாம். சுபாஜினியின் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து விவரத்தைப் பார்த்தான். எடுத்த பிறகு யாரும் அதைத் திருத்தவில்லை. ஆனால் நிறத்துக்கு நேரே 'போர்ட்ரெயிட்' என்றும், தோலுக்கு நேரே 'நல்ல வெளுப்பு' என்றும் இருந்தது. ஜப்பானில் யாரோ வைத்துவிட்டுப்போன அமைப்பு. முருகையாவுக்கு ஒரு பக்கம் உயிர் வந்தது, இன்னொரு பக்கம் கைராசி போன வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை பஜாருக்கு வந்த வேலாயியைக் கெஞ்சிக் கூத்தாடி மாடிக்கு அழைத்து வந்தார். சுபாஜினியையும் வரச் சொல்லியிருந்தார். நிஸாம் அமைப்பை மாற்றிக் கொடுக்க, வேலாயியையே இரண்டு விதமாக எடுத்துக் காட்டினார்கள்.

வேலாயி இரண்டையும் உற்றுப் பார்த்தாள். வெளுத்திருந்ததைத் தொட்டு, "இதையே கழுவிக் குடுங்க தம்பி, இது நல்லாருக்கு" என்றாள்.

நிஸாம் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முருகையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு இன்னொன்று நினைவு வந்துவிட்டது. சுபாஜினி வீட்டுக்கு வந்த ரமேஸின் படத்தையும் அவர்தான் எடுத்திருந்தார். அதையும் திறக்கச் சொன்னார். அதே கேமரா, அதே போர்ட்ரெயிட், அதே வெளுப்பு.

"ஒங்க மகனும் இதுல வெளுத்துத்தான் இருக்காருக்கா" என்றார் மெதுவாக.

வேலாயி சுபாஜினி பக்கம் திரும்பினாள். "ஒனக்கு இது தெரியுமா?"

"அவரு வந்து நின்னப்பவே பாத்தேங்க அத்தை. படத்த விட நல்ல கறுப்பு."

"அப்ப ஏன் ஒண்ணுஞ் சொல்லல?"

"நான் படத்தையா கட்டிக்கப் போறேன்?"

வேலாயி தன் நாற்காலியைக் காலால் நகர்த்தி, "இப்பிடி வந்து பக்கத்துல ஒக்காரு" என்றாள்.