தலை திரும்பினால் திரும்பும் துப்பாக்கி

கச்சிராயபாளையத்தில் அண்ணி வீட்டுக் கூடத்தில் ஒரு மேசை விசிறி இருக்கிறது. விசிறியில் விசேஷம் ஒன்றுமில்லை; அது உட்கார்ந்திருக்கும் மூன்று கால் இரும்புத் தாங்கியில்தான் இருக்கிறது. ஒற்றை விரலால் தள்ளினால் சத்தமே இல்லாமல் சுற்றும். அதன்மேல் ஒரு காலத்தில் கி.பி. 2100-இன் இயந்திரத் துப்பாக்கி இருந்தது என்று சொன்னால், வருகிறவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் எழுதியது நான். கி.பி. 2100-இல் வேற்றுக்கிரகத்துப் படையை நம் ஊர் வீரன் விரட்டுவதாகக் கதை. எழுதிவிடலாம், துப்பாக்கியை யார் செய்வது? தியாகதுருகத்துச் சைக்கிள் கடைக்காரர் மகளான அண்ணி, "நான் செஞ்சித் தரேன் தம்பி" என்றார். முதலில் வாழைத்தண்டில் செய்தார், வாடித் தொங்கியது. அட்டையில் செய்ததை மழை கரைத்தது. மூன்றாவதுதான் இரும்பு. ஆறு குழாய்கள், அவற்றைச் சுழற்றச் சைக்கிள் பெடல், சக்கரக் கம்பிகளில் உரசித் தடதடக்க மூங்கில் பட்டைகள். அதோடு விட்டாரா? அலுமினியக் குண்டானைத் தலைக்கவசமாக்கி, அதிலிருந்து பிரேக் கம்பிகளைத் தாங்கிக்கு இழுத்தார். போட்டிருப்பவர் தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் துப்பாக்கியும் திரும்பும். "கையால திருப்பறதுக்கு இன்னாத்துக்குத் தம்பி ரெண்டாயிரத்தி நூறு?" என்று கேட்டார். நாடகம் எழுதிய எனக்கு அந்த யோசனை வரவில்லையே என்று பொறாமையாக இருந்தது.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்த வருஷம். சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணன் துப்பாக்கியை மாட்டு வண்டியில் ஏற்றி, வடக்கனந்தலில் கறுப்புப் பெயிண்ட் அடித்துக்கொண்டு திரும்பினார். பெயிண்ட் ஒட்டிக்கொள்ளுமென்று மேலே ஒரு சாக்குகூடப் போடவில்லை. விழுந்து கிடந்த புளியமரத்தருகே போலீஸ் பிடித்துக்கொண்டது. செய்தி கேட்டு அண்ணியும் நானும் ஓடினோம். மாடுகளை அவிழ்த்துத் தள்ளிக் கட்டிவிட்டு, அண்ணனை வேனில் ஏற்றியிருந்தார்கள். "பொம்மைங்க சார்" என்று அவர் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாளில் வேனில் ஏறியவர் எப்போது வீடு திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

அண்ணி கெஞ்சவில்லை. விறுவிறுவென்று வண்டியில் ஏறி, குண்டானைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெடலை மிதித்தார். தடதடவென்று சாலையே அதிர்ந்தது. "ஏய், இன்னாம்மா பண்ற? எறங்கு!" என்று பக்கத்திலிருந்து இன்ஸ்பெக்டர் கத்தினார். யாராவது கத்தினால் திரும்பிப் பார்ப்போம்தானே? அண்ணியும் திரும்பினார். ஆறு குழாய்களும் கூடவே திரும்பின. இன்ஸ்பெக்டர் புளியமரத்துக்குப் பின்னால் குப்புற விழுந்தார். காவலர்கள் அவர்மேல் விழுந்தார்கள்.

"அவ்ளோதாங்க சார் இது சுடறது. சத்தம் மட்டுந்தான்" என்றார் அண்ணி, குண்டானைக் கழற்றாமலே.

இன்ஸ்பெக்டர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவரோ பிரேக் கம்பிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "தல திரும்புனா இதுவும் திரும்புதே! யாரும்மா செஞ்சது?"

"நான்தாங்க."

இன்ஸ்பெக்டர் வேன் பக்கம் திரும்பி, அண்ணனை இறக்கிவிடச் சொன்னார். இவர் எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணி என்று அந்தச் சாலையில் எல்லாரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது எனக்கு.

கூட்டம் கூடத் தடை வந்துவிட்டதால் திருவிழாவும் இல்லை, நாடகமும் இல்லை. என் வசனங்களை யாரும் கேட்கவில்லை. அதில் ஊருக்கு நஷ்டமில்லை. குழாய்கள் அவரைக்கொடிப் பந்தலுக்குப் போயின. தாங்கி மட்டும் மிஞ்சியது.

போன வாரம் விசிறியை என் பக்கம் திருப்பிக்கொண்டே, "அவ்வளவு பாடுபட்டு நாடகம் நடக்காமப் போச்சேன்னு வருத்தம் இல்லீங்களா அண்ணி?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னது நடக்கலன்னு? நடுரோட்டுல நடந்துச்சே" என்றார். "போலீசே பதுங்கிக்கினு கெடந்துச்சு. உங்க அண்ணன் வூடு வந்து சேந்தாரு. வேற இன்னா வேணும்?"