கம்ப்யூட்டர் விழுங்கிய கடைசி வரிகள்

எந்தப் பாட்டையும் வானொலி அறிவிப்பாளர் பிளேட்டக்கா கடைசியிலிருந்துதான் கேட்பார். ஹெட்போனை மாட்டி, கடைசிப் பத்து விநாடியை ஓடவிட்டு, "ம், இப்படித்தான் முடியுது" என்று தலையாட்டிய பிறகே முதலுக்குப் போவார். எங்கே முடிகிறது என்று தெரியாமல் மைக்கில் பேசினால், பாடுகிறவர் வாய்க்குள் கையை விட்ட மாதிரி என்பது அவர் கட்சி. இசைத்தட்டுக் காலத்துப் பழக்கம். அவர் பெயரும் இசைத்தட்டைப் 'பிளேட்' என்ற அந்தக் காலத்துப் பெயர்தான். கேசட் வந்தது, சிடி வந்தது, பழக்கமும் பெயரும் போகவில்லை.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, நடுவில் ஒரு கண்ணாடி. அவ்வளவுதான் வானொலி நிலையம். மேலாளர் மாறும்போதெல்லாம் பாட்டின் ரகமும் மாறும். ஒருவர் பழைய பாட்டு மட்டும் போதும் என்றார். அடுத்தவர் அதையெல்லாம் மூட்டை கட்டி மாடிப்படிக்கு அடியில் தள்ளினார். அதற்கடுத்தவர் அதே மூட்டையைத் தூசி தட்டி, தான் கண்டுபிடித்த மாதிரி ஒலிபரப்பினார். பிளேட்டக்கா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. "எதை வேணா போடுங்க, முழுசாப் போடுங்க" என்பார்.

இப்போதைய மேலாளர் 'இடைவெளியில்லா இசை' என்று பலகை மாட்டினார். பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பிளேட்டக்காவின் தம்பி மகளுக்கு. அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். அத்தை சொல்லித்தான் வேலையே கிடைத்தது. இரண்டு விநாடி சத்தம் இல்லையென்றால் அடுத்த பாட்டுக்குத் தாவும்படி அவள்தான் அமைத்தாள். கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றியது.

மூன்றாம் வாரம் தெருமுனை சலூன்காரர் போனில் கத்தினார்.

"எனக்குப் பிடிச்ச பாட்டை நாலு தடவை போட்டுட்டீங்க, ஒரு தடவைகூட முடியலை! கடைசி வரிக்கு முன்னால பாடுறவர் மூச்சு வாங்குவாருல்ல, அங்கேயே ஆளைக் காலி பண்றீங்க. நான் இங்க ஒருத்தர் கன்னத்துல கத்தியை வெச்சுக்கிட்டு நிக்கிறேன்!"

பிளேட்டக்கா ஹெட்போனில் கேட்டுப் பார்த்தார். முகம் சிவந்தது.

"யாருடி பண்ணது?"

"நான்தான் அத்தை. சத்தம் நின்னா முடிஞ்சிருச்சுன்னு..."

"உங்கப்பன் சோத்துக்கு நடுவுல தண்ணி குடிச்சா தட்டைப் பிடுங்கிடுவியா?"

மேலாளர் சிரித்தார். "கடைசி வரியை யாரு கேக்குறாங்க அக்கா?"

"கேட்டுப் பாத்துருவோமா தம்பி?"

பகல் பன்னிரண்டு முதல் ஒன்று வரை நேயர் விருப்பம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் இன்னும் பிளேட்டக்கா கையில் இருந்தது. மறுநாள் சிவப்பு விளக்கைப் போட்டார். விளக்கு எரியும்போது கதவைத் திறக்கக் கூடாது. அந்த அறிவிப்பை ஒட்டியதே மேலாளர்தான்.

"மூணு வாரமா உங்க பாட்டுங்க கழுத்தை அறுத்துட்டோம். இன்னைக்கு மிச்சத்தைத் தர்றோம்" என்றார் மைக்கில். பிறகு வந்ததெல்லாம் கடைசி வரிகள். "இது தபால்காரருக்கு. இது மூணாவது மாடி டீச்சருக்கு." ஒவ்வொன்றாக.

மேலாளர் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே இருந்த தம்பி மகளைப் பார்த்து, அணைத்துவிடு என்று சைகை காட்டினார். ஒரே ஒரு பொத்தான். அவள் விரல் அதன் மேல்தான் இருந்தது. சொன்னதைச் சரியாகச் செய்வதற்கா இத்தனை வருடம் படித்தோம் என்று தோன்றியது. இல்லை, வேலையைக் காப்பாற்றிக்கொள்வதற்கா? விரலை எடுத்துவிட்டு அடுத்த வரியைத் தேடினாள். போன் ஓயாமல் அடித்தது: "எங்க பாட்டோடதும் இருக்கா?"

முதலில் புகார் சொன்ன சலூன்காரருடையதைக் கடைசியில் அமர்க்களமாகப் போடலாம் என்று பிளேட்டக்கா வைத்திருந்தார். மணி ஒன்றாகிவிட்டது. "சலூன்கார அண்ணே, உங்க வரி பாக்கி. நாளைக்கு என் கையால முதல்ல அதுதான்" என்று முடிக்கவும் செய்தி தானாக ஓடத் தொடங்கியது.

மேலாளர் மன்னிப்புக் கடிதம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டால் நாளை வரலாம்.

"எதுக்கு மன்னிப்பு? அறுத்ததுக்கா, ஒட்ட வெச்சதுக்கா?" பிளேட்டக்கா பேனாவைத் தொடவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

தம்பி மகள் யாரையும் கேட்காமல் இரண்டு விநாடியைப் பத்தாக்கினாள். இப்போது பாட்டுகள் முழுசாக முடிகின்றன. சலூன்காரரிடம் போய்ச் சொன்னாள்.

"தெரியும்மா. அந்த மூச்சு வந்ததும் ரேடியோவை அணைச்சிடுவேன்."

"ஏன்?"

"அது அக்கா தரேன்னு சொன்னது. நீ குடுத்தா நான் எப்படி வாங்கிக்கிறது?"

அத்தையிடம் சொன்னாள். "இருக்கட்டும், தரேன்னு சொல்லு" என்றார் அவர். மேலாளரின் மேஜை இழுப்பறையில் கடிதம் இன்னும் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.