ஐஸ் பிடிக்கும் போட்டி

எங்கள் வீட்டு மீன்பெட்டியில் ஐஸ் குறைந்தால் முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள். அப்பா மீமிசல் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். ஐஸ் கட்டி அவருக்கு என்னைவிட ஒரு படி மேல். ஆனால் நான் சின்னப் பிள்ளையாக இருந்த அந்த வருஷம் ஐஸை எடுத்தது சித்தி.

புகுந்த வீட்டில் ஒத்துவராமல் எங்களிடம் வந்திருந்தாள். காலையில் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "ஒன்னைய விட்டா எனக்கு யாரு இருக்கா அக்கா" என்பாள். சாயங்காலம் அம்மா கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்திவிட்டால் போதும், "நீயும் என்னைய வெரட்டத்தான் பாக்குற" என்று பையைக் கட்டுவாள். சில நாள் தன் கையையே காயப்படுத்திக்கொள்வாள். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கொளுத்தும் வெயிலிலும் அவள் போட்ட முழுக்கை ஜாக்கெட்டை டவுன் ஃபேஷன் என்றே நம்பினேன்.

மந்திரித்த கயிறு, தூக்க மாத்திரை எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகு, புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாதான் இது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்று பெயர் சொன்னார். மாத்திரையைவிடப் பேச்சும், மனசு பதறும் நேரத்தைத் தாண்டிவரும் பயிற்சியும்தான் வைத்தியம் என்றார். சித்தி வாராவாரம் பஸ் ஏறினாள். "பேசுறதுக்கா அம்புட்டுத் தூரம்? இங்கிட்டே பேசுனா ஆகாதா" என்பார் அப்பா. ஆனால் பஸ்ஸுக்குப் பைக்கில் கொண்டுவிடுவதும் அவர்தான். இன்றைக்கும் போய்வருகிறாள், இடைவெளி மட்டும் கூடியிருக்கிறது.

ஒருநாள் அறந்தாங்கிக் கல்யாணத்துக்குப் போன அம்மா திரும்ப நேரமாயிற்று. போன் போகவில்லை. சித்தி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். "ஒங்கம்மா என்னைய விட்டுட்டுப் போயிட்டாடி" என்று அழுதாள். பிறகு விறுவிறுவென்று போய்ப் பெட்டியைத் திறந்து, ஒரு ஐஸ் கட்டியை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது, இது போட்டி. நானும் ஒன்றை எடுத்தேன்.

"யாரு மொதல்ல கீழ போடுறாங்கன்னு பாப்பமா சித்தி?"

ஈரக் கண்ணோடு என்னைப் பார்த்தாள். "பாப்பம்டி."

தோற்றேன். இன்னொன்று எடுத்து அதிலும் தோற்றேன். சித்தியின் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டச் சொட்ட, இரைத்த மூச்சு மெல்ல இறங்கியது. "ஒனக்கு ரோசமே கெடையாதாடி" என்று சிரித்தாள்.

அம்மா ஓட்டமாக வந்தாள். செல்லில் சார்ஜ் இல்லையாம். "பயந்துட்டேன்க்கா. டாக்டரம்மா சொல்லிக்குடுத்த மாதிரி ஐஸப் பிடிச்சுக்கிட்டேன்" என்றாள் சித்தி. அம்மா அவள் ஜாக்கெட் கையை மேலே தள்ளி, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கள்ளாட்டம் நடந்ததா என்று பார்க்கிறாள்போல.

"இல்லம்மா, சித்தி ஏமாத்தாமத்தான் ஜெயிச்சாங்க" என்று சாட்சி சொன்னேன்.

அம்மா என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள். தோற்ற பிள்ளையைத் தேற்றுகிறாள் என்று நினைத்து, "பரவால்லம்மா, நாளைக்கு நான் ஜெயிச்சுக்கிறேன்" என்றேன்.