தரையில் கிடந்த பிளக்

கனடாவில் நடக்கும் தம்பியின் கல்யாணத்தை இரத்தோட்டையில் எங்கள் வீட்டு டிவியில் நேரலையாகப் பார்க்கவே, டிவியில் செருகி இணையத்தோடு இணைக்கும் புது ஸ்டிக் ஒன்று வாங்கினேன். அம்மா பட்டுச்சேலை கட்டி டிவி முன் உட்கார்ந்துவிட்டார். ஸ்டிக்கில் எங்கள் வைஃபையின் பெயரே வரவில்லை. கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். கடைசியில் கடைக்காரருக்கு போன் போட்டு, பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டதாகக் கத்தினேன்.

"ரவுட்டர்ல லைட் எரியுதாங்க?" என்று அவர் பொறுமையாகக் கேட்டார்.

எரியவில்லை. அதன் பிளக் தரையில் கிடந்தது.

"மத்தியானம் இடி இடிச்சிச்சு. டிவி எரிஞ்சி போச்சின்னா கல்யாணத்த எப்படிப்பா பாக்குறது? அதான் எல்லாத்தையும் புடுங்கிட்டேன்," என்றார் அம்மா. பிறகு டிவியை மட்டும் மாட்டியிருக்கிறார். வைஃபை இந்தப் பெட்டியிலிருந்துதான் வருகிறது என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை.

படம் வந்தபோது தம்பி தாலி கட்டிக்கொண்டிருந்தான். அம்மா எழுந்து, அதுவரை கைக்குள் மூடி வைத்திருந்த அட்சதையை டிவி மேல் தூவினார்.

இப்போதெல்லாம் இடி முழங்கினால் பிளக்குகளைக் கழற்றுவது நான்தான்.