சாமி ஜாடியில் கொசுப்புழு

தைவானின் தைனான் நகரச் சந்துகளில் பதினேழு வருடமாக அடுத்தவர் வீட்டு வாளியைக் கவிழ்ப்பதுதான் சுகாதார ஆய்வாளர் ஹுய்-லானின் பிழைப்பு. தேங்கிய தண்ணீரைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. அன்று டோஃபு கடைக்காரர் சாயின் வீட்டில் கொல்லை, மாடி, பழைய டயர் எல்லாம் காய்ந்து கிடந்தன. அவள் டார்ச்சை நேரே பூஜை மேடைக்குத் திருப்பினாள். சாமிக்கு வைத்த மூங்கில் செடியின் ஜாடியில் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

“சாமி தண்ணியில கை வெச்சுப் பாரு, தெரியும்,” என்றார் சாய்.

“இந்தச் சந்துல ஏழு பேர் டெங்குல படுத்திருக்காங்க அண்ணே.”

“அவரையே கேட்டுடறேன்.” குறி கேட்கும் பிறை போன்ற இரண்டு மரக்கட்டைகளை எடுத்து, சாமி முன்னால் முணுமுணுத்துவிட்டுத் தரையில் போட்டார். இரண்டுமே தட்டைப் பக்கம் மேலே தெரிய மல்லாக்க விழுந்தன. “பாத்தியா, உன்னைப் பாத்துச் சிரிக்கறார்.”

“அவர் சிரிச்சா கேள்வி சரியில்லைன்னு அர்த்தம். என்ன கேட்டீங்க?”

“இவளை வெளிய அனுப்பட்டுமான்னு.”

ஹுய்-லான் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு மண்டியிட்டாள். பெயர், விலாசம், அலுவலகம் எல்லாம் முறைப்படி சொல்லி, “இந்தத் தண்ணியைக் கொட்டி ஜாடியைத் தேய்ச்சுக் கழுவட்டுமா சாமி?” என்று கேட்டாள். கட்டை ஒன்று குப்புற விழுந்தது, ஒன்று மல்லாக்க. அப்படி விழுந்தால் சம்மதம். சாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார்.

மறுவாரம் அந்தச் சந்தில் ஒரு பூஜை மேடையிலும் புழு இல்லை. சாய் வீடு வீடாகப் போய்ச் சாமி உத்தரவைச் சொல்லியிருந்தார்.

“மூணு வருஷமா இந்தச் சந்துல கொசு நோட்டீஸ் ஒட்டறியே,” என்றார் அவர் சலிப்போடு. “மொதல்லயே இவரைக் கேட்டிருக்கக் கூடாதா?”